வீட்டில் தீபாவளிப் புடவை விற்பனை: ஆள் வரவும் ஆர்டர் சேரவும்

முதல் தடவை வீட்டில் தீபாவளிப் புடவை விற்பனை வைத்தபோது, எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படங்களோடு ஒரு செய்தி போட்டேன். நாற்பது பேருக்கு மேல் கட்டைவிரலும் பூங்கொத்தும் அனுப்பினார்கள். அன்று வந்தவர்கள் ஆறு பேர். அதிலும் நாலு பேர் எங்கள் மாடியிலேயே இருப்பவர்கள். நாலு புடவை போனது. மீதியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, கைமாற்றாக வாங்கிய பணத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இரண்டு நாள் தூக்கமில்லாமல் இருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறிப் போய் அழைத்தேன். சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் எடுத்த அதே வகைப் புடவைகள், ஏறக்குறைய அதே விலை. கூடம் நிறைந்தது. கொண்டுவந்த சரக்கு போனதோடு, இல்லாத நிறங்களுக்கும் ஆர்டர் எழுதினேன். இரண்டு வருஷத்துக்கும் பெரிய வித்தியாசம் அந்த நோட்டும் படியேறியதும்தான்.

குரோம்பேட்டையில் ஒரு இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் செய்து பார்த்து இதை எழுதுகிறேன். முதல் தடவை வைக்கப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

தேதியை டெய்லரிடம் கேளுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வைத்தால் கூட்டம் வரும் என்று நினைக்கிறார்கள். தி.நகரில் அப்போதுதானே கூட்டம் என்பது அவர்கள் கணக்கு. வீட்டு விற்பனைக்கு அது சரிப்படாது. புடவையை எடுத்துப் பார்த்து, பிடித்து, கடைசியில் "பிளவுஸ் தைக்க ஆள் கிடைக்காதே" என்று கீழே வைத்துவிடுவார்கள். தெரு டெய்லர்கள் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் முதலில் உங்கள் பக்கத்து டெய்லர் இரண்டு மூன்று பேரிடம், எந்தத் தேதி வரை பிளவுஸ் வாங்குவார்கள் என்று கேளுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் விற்பனை இருக்க வேண்டும்.

2026-ஐ வைத்துப் பார்க்கலாம். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மகாளய அமாவாசை அக்டோபர் 10, சனி. அதற்கு முந்தைய பதினைந்து நாள் மகாளய பட்சம், பல வீடுகளில் புதுத்துணி எடுக்க மாட்டார்கள். அமாவாசைக்கு மறுநாள் ஞாயிறு நவராத்திரி தொடங்குகிறது. நான் அந்த ஞாயிற்றைத்தான் எடுத்துக்கொள்வேன். பட்சம் முடிந்துவிட்டது, தீபாவளிக்குச் சரியாக நாலு வாரம் இருக்கிறது, டெய்லரும் கை விரிக்க மாட்டார். இன்னொரு லாபமும் உண்டு. கொலு வைக்கும் வீடுகளில் அடுத்த ஒன்பது நாளும் வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்க பிளவுஸ் பிட், சின்னப் பர்ஸ், குங்குமச்சிமிழ் என்று ஏதாவது வேண்டும். அதை ஒரு மேசையில் வைத்தால், புடவை வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் வருவார்கள். வந்தவர்கள் புடவையையும் பார்க்காமல் போவதில்லை.

நேரம் காலை பத்திலிருந்து நாலு வரை போதும். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம், புதுத்துணிக்குப் பணம் கொடுக்க யோசிப்பவர்கள் நிறையப் பேர். ஆறு மணிக்கு மேல் எல்லோரும் கொலு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். நீங்களும் போக வேண்டும். போகிற வீட்டில் நீங்கள் கட்டியிருக்கும் புடவையைப் பற்றி யாராவது கேட்பார்கள்.

சம்பளத் தேதி பதினொன்றாம் தேதிக்குள் தாண்டிவிட்டதே என்று கவலை வரும். போனஸும் பல இடங்களில் தீபாவளியை ஒட்டித்தான் கைக்கு வரும். அதற்கு வழி பணத்தை இரண்டு பங்காக வாங்குவது, தேதியைத் தள்ளுவது கிடையாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னும் ஒரு சின்னச் சுற்று அக்டோபர் 25 வாக்கில் வைக்கலாம். அதில் தையல் வேண்டாதவை மட்டும்: நைட்டி, வேட்டி, ரெடிமேட் பிளவுஸ், குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை.

அழைப்பு

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். புடவை வாங்க சேலம் போவதற்கு ஒரு நாள் என்றால், அழைக்க ஐந்து சாயங்காலம் வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் "நேரில் வந்து கூப்பிடலையே" என்று மனத்தாங்கல் வரும் ஊர் நம்முடையது. கொலுவுக்கே சிமிழை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறோம். அப்படி இருக்கும்போது ஒரு குழுவில் எல்லோருக்குமாகப் போட்ட செய்தி யாருக்கும் வந்த அழைப்பு ஆகாது. தனக்கென்று வராததை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

நோட்டில் பெயர்களை எழுதுங்கள். முதல் பக்கத்தில் நீங்கள் கூப்பிட்டால் கண்டிப்பாக வருகிறவர்கள், பத்துப் பன்னிரண்டு பேர். அடுத்து முகம் தெரிந்தவர்கள்: பிள்ளையின் பள்ளி வாசலில் பார்க்கும் அம்மாக்கள், கோயிலில் பார்ப்பவர்கள், காலை நடையில் சிரிப்பவர்கள், முன்பு வேலை பார்த்த இடத்துத் தோழிகள். மூன்றாவது பக்கம் காலியாக இருக்கட்டும். முதல் இரண்டு பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் பெயர்கள் அதில் வரும்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த வீட்டைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயம் எழுதுங்கள். மகளுக்குத் தலை தீபாவளி. மாமியார் காட்டன் மட்டும்தான் கட்டுவார். ஆபீஸில் இந்த வருஷம் எல்லோரும் ஒரே நிறத்தில் எடுக்கிறார்கள். இப்படி எழுதிப் பார்த்தால் இரண்டு நன்மை. என்ன சரக்கு எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அழைக்கப் போகும்போது என்ன பேசுவது என்பதும் கையில் இருக்கும்.

அழைக்கும்போது "புடவை விக்கிறேன், வாங்க" என்று சொல்லாதீர்கள். அது வாங்கியே ஆக வேண்டும் என்று கேட்பதுபோல் காதில் விழும். நான் பேசுவது இந்த மாதிரி இருக்கும்:

"அக்கா, ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல தீபாவளிப் புடவை வெச்சிருக்கேன். உங்க அத்தைக்குப் பிடிக்கிற மாதிரி மெல்லிசு காட்டன் நாலு தனியா எடுத்து வெச்சிருக்கேன். பதினோரு மணிக்கு வர்றீங்களா, இல்ல மூணு மணிக்கு வசதியா?"

அத்தைக்கென்று எடுத்து வைத்திருப்பது உண்மையாக இருக்க வேண்டும். வந்து பார்த்து அப்படி ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் அடுத்த வருஷம் வர மாட்டார்கள். நேரத்தைக் கேட்டு நோட்டில் அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள். தன் பெயருக்கு எதிரே மணி எழுதியதைப் பார்த்தவர் வராமல் இருக்கக் கொஞ்சம் யோசிப்பார். கூட்டம் ஒரே நேரத்தில் வந்து நெரிசலாவதையும் இது தடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் எழுத வேண்டாம். அதற்கு மேல் போனால் யாரையும் சரியாகக் கவனிக்க முடியாது. ஆனால் ஒருவர் இருவராக வந்தால் வெறிச்சென்று இருக்கும். கூட இரண்டு பேர் "இது உனக்கு நல்லா இருக்கு" என்று சொல்லாமல் புடவை விற்பது கஷ்டம்.

கிளம்பும் முன்னால், "தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு ஆளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள்.

வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரில் அழைத்ததை நினைவுபடுத்த அது நல்ல துணை. ஒன்றைக் கவனியுங்கள்: பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அழைக்கப் போகும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். வியாழக்கிழமை இரண்டு மூன்று புடவைப் படம். சனிக்கிழமை மாலை அவரவர் பெயர் போட்டு, அவர் சொன்ன நேரத்தையும் எழுதி, தனித்தனியாக ஒரு வரி. ஞாயிறு காலை கதவில் மாவிலையும் கூடத்தில் விரித்த ஜமக்காளமும் தெரிய ஒரு படம். இதற்கு மேல் அனுப்பினால் தொந்தரவு. எல்லாப் புடவையையும் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடாதீர்கள். படத்தில் பார்த்து "நம்ம நிறம் இல்லை" என்று முடிவு செய்தவர், நேரில் பார்த்தால் எடுத்திருக்கக்கூடிய புடவைக்கும் வர மாட்டார்.

இன்னொருவர் வீட்டில் வைப்பது

உங்கள் வட்டம் சின்னது என்றால் இதை முயன்று பாருங்கள். எனக்கு மூன்றாம் வருஷம் கைகொடுத்தது இதுதான். பல்லாவரத்தில் இருக்கும் ஒரு தோழியின் வீட்டில் ஒரு சனிக்கிழமை வைத்தேன். அழைத்தது அவள், புடவை என்னுடையது. அவளுக்கு அவள் விரும்பிய ஒரு புடவையைக் கொடுத்தேன். அன்று வந்தவர்களில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

இது ஒன்றும் புது வழி இல்லை. டப்பர்வேர் டப்பாக்கள் அமெரிக்காவில் 1940-களில் கடைக்கு வந்தபோது சரியாக விற்கவில்லை. மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று யாராவது காட்டினால்தான் அதன் அருமை தெரிந்தது. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் பெண்களைக் கூட்டிக் காட்டி விற்றார். 1951-ல் அந்த நிறுவனம் அவரைத் துணைத் தலைவராக்கி, கடைகளிலிருந்து பொருளை எடுத்துவிட்டு வீட்டு விற்பனையையே முழுவதுமாக நம்பியது. 1954-ல் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. அந்த அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். அந்தக் கூட்டங்களில் வீட்டுக்காரப் பெண்மணிதான் அழைப்பார், அவருக்கு ஒரு பரிசு உண்டு. புடவையும் டப்பா மூடி மாதிரிதான். பிரித்துத் தோளில் போட்டுக் காட்டாமல் அதன் அருமை தெரியாது.

தோழி வீட்டில் வைப்பதானால் பரிசு என்ன என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டு நட்பு கசந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

சரக்கு கொஞ்சமாக

முதல் தடவைக்கு ஐம்பது, அறுபது புடவை போதும். இருநூறு புடவை குவித்தால் வருகிறவர்களுக்கு மயக்கம்தான் வரும், தேர்ந்தெடுக்க முடியாது. வட்டிக்குக் கடன் வாங்கி எடுக்க வேண்டாம்.

எங்கே எடுப்பது என்றால், சென்னைக்காரர்களுக்கு சௌகார்பேட்டையும் கோடவுன் தெருவும் பக்கம். சேலத்துக்கு அருகே இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் வகைகளுக்குப் பெயர் பெற்றது. ஈரோட்டில் கனி மார்க்கெட் வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும், நைட்டி, வேட்டி, குழந்தைத் துணிக்கு அது நல்ல இடம். காட்டனுக்கு சின்னாளப்பட்டி சுங்குடி, காரைக்குடிக் கண்டாங்கி, நெகமம் என்று ஆளுக்கொரு ருசி. எங்கே எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? இரண்டு ரூபாய் அதிகம் சொன்னாலும், திருப்பி எடுத்துக்கொள்ளும் வியாபாரியிடமே வாங்குங்கள்.

விலையை மூன்று படியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சரக்கு 800 ரூபாய்க்குள். அடுத்து 1,000 முதல் 1,800 வரை கொஞ்சம். நாலைந்து மட்டும் 3,000-க்கு மேல். அந்த நாலைந்தும் விற்காமல் போகலாம், ஆனாலும் வேண்டும். தலை தீபாவளி வீட்டுக்காரர் வரும்போது காட்ட உங்களிடம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். சாஃப்ட் சில்க் என்ற பெயரில் வருவதில் நிறைய செயற்கை இழை. அதைப் பட்டு என்று சொல்லி விற்காதீர்கள். "இது ஆர்ட் சில்க், வீட்டுலயே துவைக்கலாம், அதான் இந்த விலை" என்று சொன்னால் யாரும் வாங்காமல் போவதில்லை. சுத்தப் பட்டு என்று சொல்லி விற்பதானால் சில்க் மார்க் சீட்டு இருக்கட்டும். இல்லாவிட்டால் வாங்கும் இடத்திலேயே முந்தி ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ஒருத்தரிடம் பொய் சொல்லி விற்றது குடியிருப்பு முழுக்கத் தெரிய ஒரு வாரம் போதும்.

நீளத்தையும் பிரித்து அளந்து பாருங்கள். புடவை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணி 80 சென்டிமீட்டர் என்பது வழக்கம். மலிவு விலையில் வருவதில் சில நேரம் பிளவுஸ் துணி இருக்காது, அல்லது குறைந்திருக்கும். எனக்கு ஒரு வருஷம் பன்னிரண்டு புடவை அப்படி வந்தது. திருப்பிக் கொடுக்கப் போய் அலைந்ததில் அதன் லாபம் பஸ் கட்டணத்துக்கே சரியாகப் போய்விட்டது.

அன்றைக்கு வீடு

சோபாவை உள்ளறைக்குத் தள்ளிவிட்டு ஜமக்காளம் விரியுங்கள். தரையில் உட்கார்ந்து புடவை பார்க்கும்போது பேச்சு தானாக வரும். முட்டி வலிக்காரர்களுக்கு நாலு நாற்காலி. ஜன்னல் வெளிச்சம் புடவையில் விழும்படி அடுக்குங்கள், டியூப்லைட்டில் அரக்கு கறுப்பாகத் தெரியும். ஆளுயரக் கண்ணாடி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வைக்கவே வேண்டாம்.

நிறப்படி அடுக்கினால் அழகாக இருக்கும், ஆனால் விலைப்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் விலையை எழுதி ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் விலை கேட்கவும், கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லவும் மனிதர்களுக்குக் கூச்சம். எழுதி ஒட்டியிருந்தால் அவர்கள் பாட்டுக்குத் தனக்கான அடுக்கில் போய் உட்காருவார்கள். பேரமும் குறையும். ஒருவருக்குக் குறைத்தால் எல்லோருக்கும் குறைக்க வேண்டி வரும், அதனால் விலை இதுதான் என்று முடிவாக இருங்கள். வேண்டுமானால் மூன்று எடுத்தால் ஃபால்ஸ் இலவசம் என்று எழுதிப் போடலாம்.

போணி யார் கையால் என்பதை முன்னாலேயே யோசித்து வையுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு பாட்டி இருக்கிறார், கைராசிக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். பத்து மணிக்கு அவர் வந்து ஒரு பிளவுஸ் பிட் எடுத்து, மஞ்சள் தடவிய ரூபாயைக் கொடுத்துவிட்டு உட்காருவார். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே வருகிறவர்களுக்கு இது கடை என்பது மறந்து போகும்.

சாப்பிட சுண்டலும் காபியும் போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டவே வேண்டாம், அந்தக் கையோடு புடவையைத் தொடுவார்கள். காபியும் புடவை பார்த்து முடித்த பிறகு, வேறு அறையில். குழந்தைகளுக்கு அந்த அறையிலேயே பலகையும் கலர் பென்சிலும் வைத்துவிட்டால் அம்மா இருபது நிமிஷம் அதிகம் இருப்பார்.

மடிக்க ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும். என் நாத்தனார் அன்று முழுக்க அதை மட்டும் பார்த்துக்கொள்வார். பிரித்த புடவைகள் குவிந்துவிட்டால் "இவ்வளவு கலைச்சிட்டோமே" என்று அடுத்ததைப் பிரிக்கச் சொல்லவே சங்கடப்படுவார்கள்.

பிரித்துக் காட்டுங்கள், அப்புறம் கேளுங்கள்

மடித்த புடவையைக் கையில் கொடுத்து ஒதுங்கி நிற்க வேண்டாம். முந்தியைப் பிரித்து அவர் தோளிலேயே போட்டு, கண்ணாடி முன் நிறுத்துங்கள். எந்தப் புடவையையும் எல்லோருக்கும் நல்லா இருக்கு என்று சொல்லாதீர்கள். "இந்தப் பச்சை உங்களுக்கு எடுக்கலை, அந்த மாம்பழக் கலரைப் போட்டுப் பாருங்க" என்று ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்வதை நம்புவார்கள்.

ஒரு புடவை முடிவானதும் பில்லைப் போட அவசரப்படாதீர்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

"தீபாவளிக்கு இன்னும் யார் யாருக்கெல்லாம் எடுக்கணும்?"

நான் கற்றுக்கொண்டதில் இதுதான் அதிகப் பலன் தந்தது. நம் வீடுகளில் தீபாவளிக்குத் தனக்கு மட்டும் எடுப்பவர் யார்? அம்மா, மாமியார், நாத்தனார், ஊரில் இருக்கும் சித்தி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, வாட்ச்மேன் மனைவி என்று ஒரு பட்டியல் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல வைத்து, நோட்டில் எழுதுங்கள். பாதிக்கு மேல் உங்களிடமே இருக்கும். வேலைக்கு வரும் அக்காவுக்கு என்று மட்டமான துணியைத் தனியாக அடுக்காதீர்கள். நாமே கட்டுகிற விலையில், நல்ல நிறத்தில் இருப்பதைக் காட்டினால் அதையேதான் எடுக்கிறார்கள். கொடுக்கிறவருக்கும் மனம் நிறைகிறது.

கேட்ட நிறம் இல்லையா? "இல்லை" என்பதோடு விடாதீர்கள். ஆர்டர் இங்கேதான் உருவாகிறது. எந்தப் புடவை மாதிரி, என்ன நிறம், பார்டர் சின்னதா பெரியதா, எந்த விலைக்குள், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அந்த மாதிரிப் புடவையைப் போனில் படம் எடுத்து, படத்துக்கும் நோட்டுக்கும் ஒரே எண் போடுங்கள். அன்று இரவே வியாபாரிக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு, மறுநாளே உண்டு இல்லை என்று சொல்லிவிடுங்கள். நிறம் கொஞ்சம் மாறியே வரும், அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

"வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்" என்பார்கள். சில பேருக்கு அது வேண்டாம் என்பதன் மரியாதையான சொல். சில பேர் உண்மையாகவே கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது வகை என்று பட்டால், "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எடுத்து வெக்கிறேன் அக்கா" என்று பெயர் எழுதித் தனியாக வைத்துவிடுங்கள். ஒரே குடியிருப்பு என்றால் கொடுத்தே அனுப்பலாம். வீட்டுக்குப் போன புடவை திரும்பி வருவது குறைவு. முதல் வகை என்றால் ஒன்றும் சொல்லாமல் காபி கொடுங்கள்.

தையலைக் கையோடு முடித்துக் கொடுங்கள். ஃபால்ஸ், பிகோ அடிக்கிறவரிடம் முன்னமே பேசி, மொத்தமாக எடுத்துப்போய்க் கொடுத்து வாங்கி வருகிறேன் என்று சொல்லுங்கள். பிளவுஸுக்கு, டெய்லரையே மதியம் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வரச் சொல்லிப் பாருங்கள். அளவு பிளவுஸைக் கொண்டுவரும்படி சனிக்கிழமைச் செய்தியிலேயே எழுதிவிடலாம். எங்கள் வீட்டில் டெய்லர் அக்கா வந்து உட்கார்ந்த வருஷம்தான், புடவை பார்க்க மட்டும் வந்தவர்களும் எடுத்துக்கொண்டு போனார்கள். அலைச்சல் மிச்சம் என்றால் நூறு ரூபாய் கூடுதலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாங்காமல் போகிறவருக்கும் தாம்பூலம் கொடுங்கள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு, ஒரு வாழைப்பழம். பை தூக்கிப் போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் அதில் வித்தியாசம் இருக்கக் கூடாது.

பணம்

பாதி இப்போது, மீதி நவம்பர் ஐந்துக்குள். இது போதுமான தவணை. மூன்று நாலு மாதத் தவணை கொடுத்தால் பொங்கல் வரை வசூலுக்கே அலைய வேண்டும், உறவும் கெடும். மீதித் தொகையை அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கியூஆர் அட்டையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள், சில்லறையும் வைத்திருங்கள், வயதானவர்கள் பணமாகத்தான் கொடுப்பார்கள்.

கொஞ்சம் நன்றாகப் போனதும் "மாசம் ஐநூறு கட்டுறோம், நீங்களே புடவைச் சீட்டு நடத்துங்களேன்" என்று கேட்பார்கள். அன்போடுதான் கேட்பார்கள். செய்யாதீர்கள். பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். முறைப்படுத்தாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஒருத்தர் பணம் கட்டாமல் நின்றால் மற்றவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் அக்காவின் தோழிகளுக்குக் கூரியரில் அனுப்பி விற்பது வெளிமாநில விற்பனை, அதற்கு அந்த வரம்பு பொருந்தாது. அப்படி ஆர்டர் வரத் தொடங்கினால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். குடியிருப்பு சங்கத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வண்டி நிறுத்தும் இடம் பற்றித்தான் முதல் புகார் வரும்.

விற்பனைக்கு அப்புறம்

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நோட்டை எடுத்து உட்காருங்கள். வருகிறேன் என்று சொல்லி வராதவர்களுக்குப் போன் செய்யுங்கள். "ஏன் வரலை" என்று கேட்க வேண்டாம். "உங்களுக்குன்னு எடுத்து வெச்சது அப்படியே இருக்கு, சாயங்காலம் கொண்டுவந்து காட்டட்டுமா?" என்று கேளுங்கள். உடம்பு சரியில்லை, விருந்தாளி வந்துவிட்டார் என்று உண்மையான காரணம்தான் பெரும்பாலும் இருக்கும். நாலைந்து புடவையோடு போனால் ஒன்றாவது நிற்கும்.

ஆர்டர் புடவைகளைச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமாகும் என்றால் தாமதமாகும் முன்பே சொல்லுங்கள். தீபாவளிப் புடவை தீபாவளிக்கு மறுநாள் வந்தால் அதை யாரும் வாங்க வேண்டியதில்லை, நீங்களும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் முறை. சாயம் போனது, இழை விட்டது என்று யாராவது கொண்டுவந்தால் வாதாடாமல் மாற்றிக் கொடுங்கள். ஐந்தாறு மாற்றுப் புடவையை அதற்கென்றே வைத்துக்கொண்டு, மீதிச் சரக்கை வியாபாரி சொன்ன கெடுவுக்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். யார் என்ன எடுத்தார், என்ன நிறம் கேட்டார், எந்த விலையில் தயங்கினார் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள், இரண்டு நாள் போனால் மறந்துவிடும். தீபாவளி அன்று காலையில் உங்கள் புடவையைக் கட்டிக்கொண்டு யாராவது பலகாரத் தட்டோடு வாசலுக்கு வருவார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். தை மாதக் கல்யாணங்களுக்கு அழைக்கப் போகும்போது காட்ட அது வேண்டியிருக்கும்.